மரி பூத்த வருஷம்

மார்கரெட் ரிவர்,
14 செப்டம்பர் 1986

அன்புள்ள வெர்னா அக்காவுக்கு,

லைல் எழுதுவது. நானும் ஜாய்ஸும் நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? டெட் அத்தானின் இருமல் குறைந்ததா?

விஷயத்துக்கு வருகிறேன். குடாவில் இருக்கும் அப்பாவின் தகரக் குடிசைக்கு நோட்டீஸ் வந்துவிட்டது. கடற்கரை அரசாங்க நிலமாம், அனுமதி இல்லாமல் கட்டியதாம். மே மாதக் கடைசிக்குள் நாமே பிரித்து எடுத்துவிட வேண்டுமாம். நோட்டீஸ் ஒட்ட வந்த ஆள் மழைக்கு உள்ளே ஒதுங்கி, என்னிடம் ஒரு தேநீர் வாங்கிக் குடித்துவிட்டு, "நல்ல எடங்க இது"ன்னு சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு ஒரு யோசனை. அடுத்த வருஷம் ஈஸ்டர் ஏப்ரல் பத்தொன்பதாம் தேதி. அதற்குள் நான் வேலை செய்யும் டாக்டரின் தோட்டத்தில் திராட்சை அறுவடை முடிந்துவிடும். சால்மன் மீன் கூட்டமும் கரையோரம் வந்திருக்கும். பத்து நாள் லீவு போட்டுக்கொண்டு வா. இரண்டு நாள் எங்கள் வீட்டில் இரு, பிறகு எல்லோருமாகக் குடிசைக்குப் போவோம். காலையில் மீன், மத்தியானம் காரி மரக் காட்டுக்குள் நடை, சாயங்காலம் டாக்டர் தரும் ஒயின். கடைசியாக ஒரு தடவை இருந்துவிட்டு இரண்டு பேரும் சேர்ந்து பிரித்துவிடலாம்.

வரும்போது அப்பாவின் தூண்டிலைக் கொண்டு வா. கடலே இல்லாத ஊரில் சுவரில் தொங்கி அது என்ன செய்கிறது?

போன் வேண்டாம், எழுது. போனில் மூன்று நிமிடம் தாண்டினால் நமக்குள் சண்டைதான்.

இங்கே எல்லாம் நலம்.
உன் தம்பி,
லைல்


கால்கூர்லி,
28 செப்டம்பர் 1986

அன்புள்ள தம்பி லைலுக்கு,

முதுகு அப்படியேதான் இருக்கிறது. டெட்டின் இருமல் சுரங்கத்தோடு வந்தது, சுரங்கத்தோடுதான் போகும். நீங்கள் சுகமா?

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். முதல் தடவை அழுகை வந்தது. நான்காவது தடவை சந்தேகம் வந்தது. அப்பா சாவுக்கு வந்தபோதுகூட என்னை ஓட்டலில் தங்கவிட்ட வீட்டில், இப்போது இரண்டு நாள் இரு என்கிறாய். இது உன் யோசனையா, ஜாய்ஸின் யோசனையா?

ஒளித்துப் பேச எனக்குத் தெரியாது. உன் கல்யாணத்தன்று ஊர் மண்டபத்தில், பீர் பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "இந்தக் கல்யாணம் ஒரு அறுவடை தாங்காதுடா. தாங்குச்சுன்னா அப்பா தூண்டில் உனக்கு"ன்னு நான் சொன்னது உண்மை. கேக் தட்டோடு ஜாய்ஸ் என் முதுகுக்குப் பின்னால் நின்றாள் என்பது எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். அன்றிலிருந்து அவள் எனக்குக் கிறிஸ்துமஸ் அட்டையில் கையெழுத்து மட்டும்தான் போடுகிறாள்.

அதனால் அவளிடம் கேட்டு எழுது. அவள் சரி என்றால் வருகிறேன். இங்கே செம்மண் புழுதியும் வெயிலும் என்னைத் தின்கின்றன. பத்து நாள் அந்தத் தகரக் கூரைக்கடியில் அலைச் சத்தம் கேட்டுக்கொண்டு படுத்திருந்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம்.

தூண்டில் என்னுடையது. பன்னிரண்டு வயதில் உன்னைவிடப் பெரிய சால்மன் பிடித்ததற்காக அப்பா எனக்குக் கொடுத்தது. கொண்டு வருகிறேன். நீ தொட்டுப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
வெர்னா


மார்கரெட் ரிவர்,
20 அக்டோபர் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலம் என்று நம்புகிறேன்.

ஜாய்ஸிடம் கேட்டேன். "வரட்டும், நல்லா இருக்கும்"னு சொன்னாள். அதனால் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிடு. கொடியில் எல்லாம் பூ வந்துவிட்டது. குடிசையின் கூரையில் இரண்டு தகரம் மாற்றினேன்.

இங்கே எல்லாம் நலம்.
லைல்


கால்கூர்லி,
4 ஜனவரி 1987

அன்புள்ள லைலுக்கு,

புது வருஷ வாழ்த்து. நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நீ இருக்கிறாயா?

நவம்பரில் ஒன்று, டிசம்பரில் ஒன்று என்று இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. கிறிஸ்துமஸ் அட்டையும் இல்லை. பதினோரு வருஷத்தில் ஜாய்ஸ் கையெழுத்து வராத முதல் கிறிஸ்துமஸ் இது. கடைசியில் நம் விரதத்தை நானே முறித்துப் போன் செய்தேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. இரண்டு தடவையும் ஜாய்ஸ்தான் எடுத்தாள். "அவர் இங்க இல்ல"ன்னா. எப்போது வருவான் என்று கேட்டேன். "எனக்குத் தெரியாது"ன்னா. சாயங்காலம் ஏழு மணிக்குப் புருஷன் எங்கே என்று தெரியாத பெண்டாட்டியை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

எனக்கு லீவு கொடுத்துவிட்டார்கள். பெர்த் வரை ரயிலுக்கும் அங்கிருந்து பஸ்ஸுக்கும் டிக்கெட் எடுத்தாயிற்று. நான் வருவது அவளுக்குப் பிடிக்கவில்லை என்றால் நேராகச் சொல். சுற்றி வளைக்காதே.

வெர்னா


மார்கரெட் ரிவர்,
19 ஜனவரி 1987

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். மருந்தடிக்கும் வேலை, வீட்டுக்கு வரவே நேரமில்லை. நீ போன் செய்தபோதும் தோட்டத்தில்தான் இருந்திருப்பேன். ரோட்டோரத் தபால் பெட்டி உடைந்துவிட்டது. இனிமேல் ஊர்த் தபாலாபீஸ் விலாசத்துக்கே எழுது, நான் போய் வாங்கிக்கொள்கிறேன்.

மரி மரமெல்லாம் மொட்டு கட்டியிருக்கிறது. கடல் தெளிவாக இருக்கிறது.

ஜாய்ஸ் உனக்கு நிறைய அன்பு சொல்லச் சொன்னாள். ஆட்டுக்கறிக் குழம்பு அடிப்பிடிக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்றும் கேட்கச் சொன்னாள்.

இங்கே எல்லாம் நலம்.
லைல்


கால்கூர்லி,
2 பிப்ரவரி 1987

அன்புள்ள தம்பிக்கு,

எங்கள் நலத்துக்குக் குறைவில்லை. உங்கள் நலத்தில்தான் எனக்குச் சந்தேகம்.

இருபது வருஷமாக ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நிற்கிறேன். கறையைப் பார்த்தே யார் என்ன செய்தார்கள் என்று சொல்லிவிடுவேன். உன் கடிதத்தின் மூலையில் இருப்பது மண்ணெண்ணெய். மோந்தும் பார்த்தேன். கரண்ட் இருக்கிற வீட்டில் உட்கார்ந்து எழுதின கடிதத்தில் மண்ணெண்ணெய் எங்கிருந்து வந்தது? குடிசையில்தான் அரிக்கேன் விளக்கு. அங்கே உட்கார்ந்து எனக்கு எழுதுவானேன்? ஜாய்ஸுக்குத் தெரியாமலா?

அடுத்தது, நிறைய அன்பு. பதினோரு வருஷமாக அரைக் கரண்டி அன்புகூட அனுப்பாதவள் திடீரென்று நிறைய அனுப்புகிறாள். அதற்கும் மேல், ஊர்க் கண்காட்சியில் மூன்று வருஷம் சமையல் பரிசு வாங்கினவள், குழம்பு அடிப்பிடிக்கிறது என்று என்னிடம் யோசனை கேட்கிறாள்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று உனக்கு யார் சொன்னது? பூசணிக்காய் பெரிது, உன் சோறு ஒரு பிடிதான்.

என்னவென்று சொல்லிவிடு. அதுவரைக்கும் குழம்புக்கு: அடுப்பைக் குறை, கனத்த பாத்திரம் வை, கிளறிக்கொண்டே இரு.

வெர்னா


மார்கரெட் ரிவர்,
8 மார்ச் 1987

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

எழுதக் கஷ்டமாக இருக்கிறது. ஈஸ்டருக்கு நீ வர வேண்டாம். இந்த வருஷம் வெள்ளைக்கண்ணிக் குருவிகள் திராட்சையைக் குதறிவிட்டன. கூட்டம் கூட்டமாக வந்து ஒவ்வொரு பழத்திலும் ஒரு கொத்து. இருக்கிற வலையெல்லாம் போட்டும் அடங்கவில்லை. மிஞ்சினதைப் பொறுக்கி எடுக்க மே மாதம் ஆகிவிடும், டாக்டர் யாருக்கும் லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார். குடிசையை நானே பிரித்துவிடுகிறேன். நீ சிரமப்பட வேண்டாம். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு.

கோபித்துக்கொள்ளாதே. உங்கள் ஊருக்கு லாரி ஓட்டும் நோயலிடம் ஒரு போத்தல் தேன் கொடுத்தனுப்புகிறேன். மரித் தேன், உனக்குப் பிடிக்குமே. போன வாரம் எடுத்தது. இந்த வருஷம் தேன்பெட்டி நிரம்பி வழிகிறது.

இங்கே எல்லாம் நலம்.
லைல்


கால்கூர்லி,
16 மார்ச் 1987

லைலுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

தேன் வந்தது. டெட் கரண்டியை நக்கிவிட்டு, "மச்சான் அனுப்பின தேன் அமிர்தமா இருக்கு. நீ ஏன் வேப்பெண்ணெய் குடிச்ச மாதிரி நிக்கிற?"ன்னு கேட்டார். நின்றதற்குக் காரணம் சொல்கிறேன், கேள்.

நான் அந்த மண்ணில் பிறந்தவள் என்பதை மறந்துவிட்டாயா? ஜனவரி வந்தால் நம் ஊரில் திராட்சைக்காரன் திராட்சையைப் பார்ப்பதில்லை, அண்ணாந்து மரி மரத்தைப் பார்க்கிறான். மரி பூத்தால் குருவிகளுக்கு அந்தத் தேன் போதும், திராட்சைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. மரி பொய்த்தால்தான் தோட்டத்தில் விழும். போன வாரம் எடுத்த மரித் தேன் பெட்டி நிரம்பி வழிகிறதாம், குருவிகள் திராட்சையைக் குதறினதாம். இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதி, சாட்சியையும் போத்தலில் அடைத்து லாரியில் அனுப்பியிருக்கிறாய். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லடா!

இன்னும் கேள். போத்தலில் ஜாய்ஸின் அழகான எழுத்தில் சீட்டு இல்லை, உன் கோழிக்கிறுக்கல்தான் இருக்கிறது. சுற்றியிருந்த காகிதத்தை உதறினேன். கடற்கரை மணல்.

என் கணக்கு இதுதான். அப்பா கையால் அறுத்த ஜாரா மரப் பலகைகள் அந்தக் குடிசையில் இருக்கின்றன. பெர்த்திலிருந்து வந்து ஒயின் சுவைக்கிற கடை கட்டும் பணக்காரர்களுக்குப் பழைய ஜாரா என்றால் உயிர். நீயும் அவளும் சேர்ந்து அதைப் பிரித்துத் தள்ளிவிட்டீர்கள், அல்லது தள்ளப் போகிறீர்கள். நான் வந்து பார்த்துவிடக் கூடாது. அதுதானே?

டிக்கெட்டைத் திருப்பித் தர மாட்டேன். பதினாறாம் தேதி வியாழக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்குவேன். குடிசை இருந்தால் அதில் படுப்பேன், இல்லாவிட்டால் அது இருந்த இடத்தில் படுப்பேன்.

வெர்னா


கால்கூர்லி,
27 மார்ச் 1987

ஜாய்ஸுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். இது நான் உனக்கு எழுதும் முதல் கடிதம், சண்டைக்கு எழுதவில்லை.

லைலிடமிருந்து பதில் இல்லை. ஈஸ்டருக்கு நான் வர வேண்டாம் என்று எழுதினான், காரணம் பொய். நான் உங்கள் வீட்டில் தங்க மாட்டேன், உன் கண்ணில்கூடப் பட மாட்டேன். அந்தக் குடிசையில் சில நாள் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு வேண்டியது. அதை விற்றுவிட்டீர்களா என்று மட்டும் சொல். ரோட்டோரத் தபால் பெட்டி உடைந்ததாக லைல் சொன்னான். உடையவில்லை என்ற நம்பிக்கையில் வீட்டு விலாசத்துக்கே போடுகிறேன்.

வெர்னா


மார்கரெட் ரிவர்,
3 ஏப்ரல் 1987

மதிப்புக்குரிய வெர்னா அண்ணிக்கு,

நான் சுகம். உங்கள் முதுகுவலி தேவலையா? தபால் பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

குடிசையை யாரும் விற்கவில்லை. நவம்பர் ஏழாம் தேதியிலிருந்து உங்கள் தம்பி அதில்தான் இருக்கிறார். இது என் அப்பா கொடுத்த வீடு. ஆனாலும் நான்தான் போகிறேன் என்றேன். "நீ இரு, எனக்குக் குடிசை போதும்"னு சொல்லி, படுக்கையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவரை நீங்கள் தப்பாக நினைக்க வேண்டாம். அவர் அடித்ததில்லை, குடித்துவிட்டு வந்ததில்லை, இன்னொருத்தியைப் பார்த்ததில்லை. எது கேட்டாலும், "எல்லாம் நல்லா இருக்கு." கூரை ஒழுகினாலும் அதுதான், வைத்தியர் எனக்குக் குழந்தை பிறக்காது என்று சொன்ன அன்றைக்கும் அதுதான். குடிசைக்கு நோட்டீஸ் வந்ததை ஒரு மாதம் கழித்து ரொட்டிக் கடையில்தான் கேள்விப்பட்டேன். நீங்கள் ஈஸ்டருக்கு வருவதாக இருந்ததே உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். கேட்டிருந்தால், சரி என்றுதான் சொல்லியிருப்பேன். என்னிடம் எதையுமே சொல்லாத மனுஷனோடு தனியாக வாழ்ந்து அலுத்துப்போனேன் அண்ணி.

போகும்போது ஒன்றே ஒன்று கேட்டார். "வெர்னாகிட்ட மட்டும் சொல்லிடாதே." ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கேக் தட்டோடு நின்றது நான்தானே.

இப்போது சொல்லிவிட்டேன். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள். அவர் மெலிந்துவிட்டார் என்று தோட்டத்தில் வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள்.

இன்னொன்று. நீங்கள் சொன்னது ஒரு அறுவடை. நான் எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. வேறு எதில் தோற்றாலும் அந்த ஒன்றில் அவர் உங்களை ஜெயித்திருக்கிறார். அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

ஜாய்ஸ்


கால்கூர்லி,
8 ஏப்ரல் 1987

அன்புள்ள தம்பி லைலுக்கு,

நாங்கள் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

போன கடிதத்தில் பலகை அது இது என்று வாய்க்கு வந்தபடி எழுதிவிட்டேன். எழுதினதை டெட்டிடம் சொன்னேன். "உன் தம்பி ஒரு ஆணியைக்கூட உன்னக் கேக்காம விக்க மாட்டான், அறிவு கெட்டவளே"ன்னு சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போனார். அவர் சொன்னதுதான் சரி. மன்னித்துக்கொள்.

நேற்று அந்தத் தூண்டிலைச் சுவரிலிருந்து எடுத்துத் துடைத்தேன். துடைக்கும்போது பழைய பந்தயம் நினைவுக்கு வந்தது. ஒரு அறுவடை தாங்காது, தாங்கினால் தூண்டில் உனக்கு என்று சொன்னேன். விரல்விட்டு எண்ணினேன், இரண்டு கை விரலும் போதவில்லை. முதல் வருஷமே நான் தோற்றுவிட்டேன். பத்து வருஷமாக உன் தூண்டிலை நான் மாட்டி வைத்திருக்கிறேன். நீயும் கேட்கவில்லை, எனக்கும் கொடுக்க மனம் வரவில்லை. அன்றைக்கு நான் சொன்னது தப்பு லைல். வாய்க்கொழுப்பு. முன்னால் எது நடந்திருந்தாலும் இனிமேல் எது நடந்தாலும் அந்தப் பந்தயம் மாறாது. ஜெயித்தது நீ.

வியாழக்கிழமை வருகிறேன். வீட்டுப் பக்கம் வர மாட்டேன். குடாவுக்குத் திரும்பும் மண் ரோட்டில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொள்கிறேன். இரண்டு கம்பளியும், அடிப்பிடிக்காத கனத்த இரும்புச் சட்டி ஒன்றும் கொண்டு வருகிறேன். யாருக்கு என்று கேட்காதே. நானும் ஒன்றும் கேட்க மாட்டேன்.

உன் அக்கா,
வெர்னா


குடா,
12 ஏப்ரல் 1987

அக்கா,

குருவிகள் இந்த வருஷம் ஒரு திராட்சையைக்கூடத் தொடவில்லை. அறுவடை போன வாரமே முடிந்துவிட்டது.

நவம்பரிலிருந்து நான் குடிசையில் இருக்கிறேன். ஜாய்ஸும் நானும் பிரிந்துவிட்டோம். தப்பு என்னுடையது. உனக்கு எழுத எத்தனையோ தடவை உட்கார்ந்தேன். எழுதினால் அந்த மண்டபத்தில் நீ சொன்னது பலித்துவிட்டதாக ஆகுமே என்று கிழித்துப் போட்டேன். நீ எண்ணினது போல எண்ண எனக்குத் தோன்றவே இல்லை.

தூண்டில் வேண்டாம் என்று எழுத நினைத்தேன். வேண்டும். சால்மன் இன்னும் கரையோரம்தான் இருக்கிறது.

இருப்பது ஒரு கட்டில்தான், அது உனக்கு. வியாழக்கிழமை மத்தியானத்திலிருந்து ரோட்டில் நிற்பேன்.

இங்கே நலம் இல்லை அக்கா. வா.

லைல்